முதல் செம்புத் தண்ணீர்

எந்த மிஷினைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்காவிட்டாலும் உண்டு. டிராக்டர் வந்தது ஊருக்கு லாபமா நஷ்டமா, கடைக்காரன் சாமானோடு இலவசமாகக் கொடுக்கிற டப்பாவை வாங்கலாமா, ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொல்வது சரியா, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும். வீட்டுக்குப் புதுச் சாமான் எதுவும் வந்தால் என் கண்ணில் படாமல் முதலில் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். "அவுககிட்ட மட்டும் வாயக் குடுத்துராதீக, பொழுது போயிரும்" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். விழட்டும்.

கொஞ்ச நாளைக்கு முன் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பிள்ளைகள் போனில் சுட்டு விளையாடுகிறார்களே, அந்த ஆட்டத்துக்குச் சர்க்காரே தடை போட வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து சிறிது நேரம் பார்த்தேன். ஆட்டத்தில் அவன் அடிபட்டுக் கிடந்தான். எங்கிருந்தோ ஒருவன் ஓடிவந்து மருந்து கொடுத்து எழுப்பிவிட்டான். "யாருடா அவன்?" என்றேன். "தெரியாது." "எந்த ஊரு, எந்தத் தெரு?" "அதெல்லாம் யாரு கேப்பா?" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை அவன் கண் கெட்டுப்போகிறதே என்பதற்காக வைத்திருக்கிறேன்.

என் அபிப்பிராயங்கள் எல்லாம் ஓர் இரும்புச் சாமானில் இருந்து தொடங்கியவை. அது எங்கள் ஊருணிக் கரையில் நின்ற அடிபம்பு. எழுபதுகளின் ஆரம்பத்தில் வந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மழை பெய்தால் கம்பும் குதிரைவாலியும், பெய்யாவிட்டால் ஆடு. எங்கே தோண்டினாலும் தண்ணீர் கிடைக்கும், ஆனால் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உவர்ப்பு. குடிக்கிற தண்ணீர் என்றால் ஊருணிக் கரையில் இருந்த உறைகிணறு ஒன்றுதான். அதை நாங்கள் நல்ல தண்ணி என்போம். கயிறு போட்டு இறைத்தால் வாளி அரை வாளியாகத்தான் மேலே வரும். அது ஊறுகிறவரை காத்திருந்து இறைத்தால் காலைப் பொழுது அங்கேயே போய்விடும்.

அப்பா ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போய்விடுவார். ஊரார் வயலில் உரத்துக்குக் கிடை போட்டு, ஒரு பருவம் முடிந்துதான் திரும்புவார். தம்பி பிறந்த பிறகு அம்மாவால் குடம் தூக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். ஆகவே தண்ணீர், மூத்த மகளான என் பொறுப்பு. அம்மா என்னிடம் பேசி முடிவு செய்தது இதுதான்: "குடத்த நெறச்சு வச்சுட்டுப் பஸ் ஏறு. நெறையலன்னா பள்ளிக்கூடத்த மறந்துரு." இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. வேறு வழி இல்லாதவள் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். திருச்சுழிக்குக் காலையில் ஒரே பஸ். உறைகிணற்றுத் தண்ணீரை நம்பிப் பாதி நாள் அந்தப் பஸ்ஸின் புழுதியைத்தான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்கள். உறைகிணற்றைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். பலகையின் மேல் பம்பை நிறுத்தினார்கள். இனிமேல் தூசி விழாது, காலரா வராது என்றார்கள். பஞ்சாயத்துப் பிரசிடெண்டு பம்புக்கு மாலை போட்டார். பக்கத்தில் மாட்டிய அறிவிப்புப் பலகையில் 'பொது உபயோகத்திற்கு' என்று எழுதியிருந்தது. அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். படித்து முடித்ததும் ஆபீசர், "கேட்டுக்கிட்டீங்களா? எல்லாரும் அடிக்கலாம். யாராவது தடுத்தா கேசு" என்றார். எங்கள் தெரு ஆம்பளைகள் சரிங்க, சரிங்க என்று தலையை ஆட்டினார்கள்.

அவர் எதற்காகச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் இரண்டு தெரு. எங்கள் தெருவுக்கு நிலம் இருந்தது. கிழக்குத் தெருக்காரர்கள் அந்த நிலத்தில் வேலை செய்தார்கள். கிணற்றில் கயிறு போட அவர்களுக்கு உரிமை இல்லை. கரைக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். எங்கள் தெருவில் யாருக்காவது மனசு இரங்கினால் இறைத்து ஊற்றுவார்கள். பம்பு வந்ததும் அது மாறியது. மாறியது என்றால் இவ்வளவுதான்: காலையிலும் சாயங்காலமும் எங்கள் தெரு அடித்து முடிக்கும், அதற்குப் பிறகு அவர்கள் வந்து அடிப்பார்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக எங்கள் தெருக்காரி யாராவது வந்தால் கைப்பிடியை ஒரு கை தண்ணீரால் கழுவிவிட்டு அடிப்பாள். பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீருக்குத் தீட்டு இல்லை, இரும்புக்குத்தான் என்று பெரியம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பாவின் மனைவி அவள். தண்ணீர்த் துறையில் அவள் சொல்லுக்கு மறு சொல் கிடையாது.

பம்பைப் பூட்டிய பிட்டர் போவதற்கு முன் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். "கொஞ்ச நேரம் அடிக்காம விட்டா உள்ள இருக்குற தண்ணி கீழ எறங்கிரும். அப்ப மேல ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்தி, வெரசா அடிங்க, ஏறிக்கிடும். கலங்கல் தண்ணிய மட்டும் ஊத்திராதீக. உள்ள இருக்குறது தோலு வாசரு. மண்ணு பட்டா அரைச்சுப்புடும்." எல்லோரும் கேட்டோம். கேட்கவில்லை என்று ஒருத்தியும் பின்னால் சொல்ல முடியாது.

அந்த ஒரு மாதம் எனக்குத் திருவிழாதான். கைப்பிடியைப் பிடித்து அடித்தால் குடம் நிறைகிறது. பஸ் ஹாரன் கேட்கும்போது நான் ஜடை போட்டு, பையைத் தோளில் மாட்டி, நின்று கொண்டிருப்பேன். அல்ஜீப்ரா புரிந்தது. சரித்திரப் பாடத்தில் விட்டுப்போனதை எழுதி முடித்தேன். நான் படித்து வேலைக்குப் போகப்போகிறேன் என்ற எண்ணம் எனக்கு அந்த மாதத்தில்தான் முதன்முதலாக வந்தது.

பிறகு பம்பு நின்றது. அடித்தால் புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. கீழே தண்ணீர் இருக்கிறது. சிமெண்டுப் பலகை போட்டு மூடியாகிவிட்டது. சர்க்கார் பலகையை உடைக்க யாருக்கும் தைரியம் இல்லை. காலுக்குக் கீழே நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு எங்கள் தெரு, கண்மாய்க்கு அப்பால் இருந்த தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தது. கிழக்குத் தெரு, கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் கோரி எடுத்தது. நான் தோட்டத்துக் கிணற்றிலிருந்து திரும்பும்போது பஸ் போய் வெகு நேரம் ஆகியிருக்கும். பிட்டர் வந்து புதுத் தோலைப் போட்டார். கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி வந்தார். மறுபடி நின்றது.

டீக்கடையில் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. சர்க்கார் சாமானே இப்படித்தான், கம்பெனிக்காரன் கமிஷன் கொடுத்துத் தள்ளிவிட்டான் என்றார் ஒருவர். கரண்டு வந்தால்தான் விமோசனம், இந்த அடிபம்பெல்லாம் கண்துடைப்பு என்றார் இன்னொருவர். பீப்பாயை மாட்டு வண்டியில் ஏற்றித் தோட்டத்துத் தண்ணீரைக் குடம் குடமாக விற்க ஒருவர் கிளம்பியிருந்தார். பம்பு நின்றால் அவருக்கு வியாபாரம். ஆகவே அவர்தான் எதையோ செய்துவிடுகிறார் என்று கொஞ்ச நாள் பேசினார்கள். பாவம், அவருக்கு வண்டிச் சக்கரத்துக்கு மசகு போடவே தெரியாது. பிரசிடெண்டு, பையன்கள் கைப்பிடியில் தொங்கி ஆடுவதுதான் காரணம் என்று சங்கிலி போட்டுப் பூட்டினார். எங்கள் தெருப் பெண்கள் மட்டும், "கெழக்குத் தெருக்காரிக போட்டு இந்த இடி இடிச்சா எது தாங்கும்?" என்றார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். காரணம் எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. ஊருணிக்குள் மாடு குடிக்க ஒரு குழி வெட்டியிருந்தது. மணலும் சகதியும் கலந்த தண்ணீர். அதன் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த டின். முதலில் வருகிறவள் அந்த டின்னில் குழித் தண்ணீரை மோந்து பம்பின் தலையில் ஊற்றி அடிப்பாள். அடுத்து பம்பில் தண்ணீர் இறங்கினால் அடுத்தவளும் அதையேதான் செய்வாள். பிட்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதைத் தினமும் செய்துவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டினோம்.

"வீட்டுலருந்து ஒரு செம்பு நல்ல தண்ணி கொண்டுபோயி ஊத்துனா என்னம்மா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"குடிக்கவே இல்லாத தண்ணியக் கொண்டுபோயி யாராச்சும் இரும்புல ஊத்துவாகளா? கூறு கெட்டவளா நீ?"

இது வானம் பார்த்த ஊர். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, முகம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மா சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதனால் அந்தச் சிக்கனத்துக்குக் குந்தகம் வராமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்காலம் கடைசியாக அடிக்கிறவர் ஒரு செம்பில் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டுப் போகட்டும். காலையில் முதலில் வருகிறவர் அதை ஊற்றட்டும். யார் வீட்டுத் தண்ணீரும் செலவாகாது. பம்பிலிருந்து எடுத்தது, பம்புக்கே போகிறது. இவ்வளவு சுலபமான யோசனை ஆபீசருக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

வீட்டிலிருந்த ஓர் அலுமினியச் செம்பைக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையில் அது கவிழ்ந்து கிடந்தது. ஆடு தட்டியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் மூடியின் மேல் கல் வைத்தேன். கல் ஓரமாக இருந்தது, செம்பு கவிழ்ந்து கிடந்தது. ஆடு கல்லை எடுத்து ஓரமாக வைக்காது. அதற்கடுத்த நாள் விடியும்போதே போய் நின்றேன். பெரியம்மா வந்தாள். குடத்தை இறக்கினாள். செம்பைக் காலால் ஓர் எத்து எத்தினாள். டின்னை எடுத்துக்கொண்டு குழிக்கு நடந்தாள்.

"பெரியம்மா, அது நல்ல தண்ணி!"

"யாரு புடிச்ச தண்ணி?"

"யாரு புடிச்சா என்ன? பம்புத் தண்ணிதான?"

"நேத்து கடைசியா அடிச்சது யாரு? கெழக்குத் தெருக்காரிக. அவளுக கையால புடிச்ச தண்ணிய மேல ஊத்துனா, மொதக் கொடத்துல எறங்குறது அதுதான? அதக் கொண்டுபோயி நான் சாமி வெளக்குக்கு முன்னால வைக்கவா?"

"குழித் தண்ணியில மாடு வாய வைக்குதே?"

"மாடு வச்சா என்னடி? மாடு லெச்சுமி" என்று சொல்லிவிட்டு மோந்துகொண்டு வந்து ஊற்றினாள். உள்ளே மணல் கரகரவென்று போனது எனக்குக் கேட்டது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காரணம் சிக்கனம் இல்லை. குழித் தண்ணீர் யாருடைய தண்ணீரும் இல்லை. அதுதான் அதன் சிறப்பு. கடைசியாக அடிப்பவர்கள் எப்போதும் கிழக்குத் தெருக்காரர்கள்தான். அந்த வரிசையை வைத்ததே நாங்கள்தான். ஆகவே எந்தச் செம்பும் எங்கள் தெருவுக்கு ஆகாது. பம்பைச் செய்தவன் தோலையும் இரும்பையும் பற்றித்தான் யோசித்திருக்கிறான். பம்பைக் கொடுத்த சர்க்காரும் பலகை எழுதி மாட்டினால் போதும் என்று நினைத்துவிட்டது. எங்கள் பெரியம்மா ஒருத்தி காலையில் வருவாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எந்தத் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்தாலும் நான் இன்றைக்கும் முதலில் தேடுவது அந்தப் பெரியம்மாவைத்தான்.

கிழக்குத் தெருவில் இருந்து ஓர் அக்கா என்னோடு அதே பஸ்ஸில் வருவார். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. திருச்சுழியில் சர்க்கார் கட்டிட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அவரை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. எங்கள் தெருவில் யாரும் அவர்களை முறை வைத்துக் கூப்பிடுவதில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவரிடம் கேட்டேன், நீங்களாவது நல்ல தண்ணீரை ஊற்றக் கூடாதா என்று. அவர் சிரித்தார்.

"நாங்க ஊத்துனா பம்பே தீட்டும்பீக, தாயி. அந்த வம்பு எதுக்குன்னு நாங்களும் குழித் தண்ணியத்தான் ஊத்துறோம்."

இரண்டு தெருவுக்கும் தெரியும். தெரிந்தே வாசரை அரைத்துக்கொண்டிருந்தோம்.

முழுப் பரீட்சை நெருங்கியது. இன்னும் லீவு போட்டால் பரீட்சை எழுத விட மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதே வாரத்தில் பம்பு மறுபடி நின்று, பிட்டர் வந்தார். கழற்றியெடுத்த தோலைப் பிரசிடெண்டு முன்னால் போட்டார். ஓரமெல்லாம் நார் நாராகக் கிழிந்திருந்தது. "இதான் கடைசி. இனிமே வாசரு போச்சுன்னா நான் மாட்ட வரல, பம்பக் கழட்டத்தான் வருவேன். வேற ஊருல கேட்டுக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த கேனிலிருந்து ஊற்றி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது பொழுது சாய்ந்த மசங்கல் நேரம். பிரசிடெண்டு சங்கிலியைப் பூட்டினார், காலையில் திறக்கிறேன் என்றார்.

அன்று வீட்டில் அம்மா என் பையை எடுத்து அடுக்குப் பானைக்குப் பின்னால் வைத்தாள். "போதும்த்தா. வீட்டோட இரு. தம்பி வளரட்டும்" என்றாள். நான் அழவில்லை. பையை எடுத்து என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்ததும் முதல் ஆளாக நான் பம்படியில் நின்றேன். வீட்டில் ஊற்றுவதற்கு ஒரு சொட்டு இல்லை. மிச்சமிருந்ததைத் தம்பிக்குப் புகட்டியாகிவிட்டது. பிரசிடெண்டு வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போனார். பெண்கள் குடங்களோடு சேர்ந்தார்கள். பெரியம்மா டின்னை நிறைத்துக்கொண்டு வந்தாள். நான் பம்பின் தலையில் இருந்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"கைய எடுடி."

"எடுக்க மாட்டேன்."

"ஒங்கப்பன் வாங்கி வச்ச பம்பா இது?"

"இன்னைக்கு அந்தத் தண்ணிய ஊத்துனா நாளைக்குப் பம்பு இருக்காது. தோட்டத்துக் கெணத்துக்குத்தான் போகணும். ஒங்களுக்குச் சரின்னா போங்க. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"அப்ப நல்ல தண்ணிக்கு எங்கடி போவ? ஒன் வாயில இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரிடமும் தண்ணீர் இல்லை என்பது உண்மைதான். அப்போது கரைக்குக் கீழே பஸ்ஸுக்குப் போகிற பாதையில் அந்த அக்காவைப் பார்த்தேன். ஒரு கையில் சோற்றுச் சட்டி, இன்னொரு கையில் மூடி போட்ட தூக்கு. கண்மாய் ஊற்றில் கோரிய தண்ணீர் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போனால் டின் பம்புக்குள் போய்விடும். அதனால் கையை எடுக்காமல் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"அக்கா! அந்தத் தண்ணியக் கொண்டாங்கக்கா!"

பெண்கள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்கள். தண்ணீரைக் கேட்டதற்கா, அக்கா என்றதற்கா, எனக்குத் தெரியாது. அவர் கரையேறி வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். பெரியம்மாவையும் டின்னையும் என் கையையும் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு மத்தியானத்துக்கு இதான் தண்ணி" என்றார்.

"ஏறுன ஒடனே மொதல்ல ஒங்களுக்குத்தான் நெறச்சுத் தருவேன்."

"ஏறலைன்னா?"

"ஏறும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத ஊத்திட்டா ஒங்கள வீட்டுக்குள்ள விடுவாகளா, தாயி?"

"தெரியலக்கா" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவர் தூக்கைக் கீழே வைக்கவில்லை. மேலே இருந்து ஊற்றவும் இல்லை. என் பக்கத்தில் வந்து கையில் கொடுத்தார். நான் வாங்கி முழுவதையும் பம்பின் தலையில் ஊற்றினேன். என் பலமெல்லாம் போட்டு அடித்தேன். காற்று வந்தது. புஸ்ஸென்றது. பிறகு கைப்பிடி கனத்தது. தண்ணீர் வந்தது.

முதல் தண்ணீரை அவர் தூக்கில் பிடித்தேன். அடுத்ததை என் குடத்தில். பெரியம்மா டின்னை அங்கேயே எறிந்துவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி வந்து கொஞ்ச நேரம் தரையில் விழும்படி அடித்துவிட்டு, "போனது போகட்டும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குடத்தை வைத்தாள். அடுத்தவள் அதுகூடச் செய்யவில்லை.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எறக்கு அங்கயே."

இறக்கினேன். தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, குடத்தை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி, முருங்கையடிக்குக் கொண்டுபோனாள். தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்: "ஊத்தும்மா. நான் மறுபடி போயி எடுத்துட்டு வருவேன். அதையும் ஊத்து. மறுபடி போவேன். பம்பு ஓடுது."

அம்மா குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது. காய்ந்த மண் அதைச் சத்தத்தோடு குடித்தது. அம்மா அதைப் பார்த்தாள். ஒரு செம்பு அளவு போயிருக்கும். அவள் கை நின்றுவிட்டது. அப்படியே சாய்த்த நிலையில், ஊற்றவும் மாட்டாமல் நிமிர்த்தவும் மாட்டாமல் நின்றாள். பிறகு குடத்தை நிமிர்த்தித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல தண்ணிடி" என்றாள். "கீழ ஊத்த மனசு வர மாட்டேங்குது."

இரும்பில் ஊற்றக் கூடாது என்று எந்தச் சிக்கனத்தைச் சொல்லி என் வாயை அடைத்தாளோ, அதுவே அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. தம்பி அழுதான். அம்மா குடத்துக்குள் கையை விட்டுக் கோரி அவன் வாயில் வைத்தாள். இன்னொரு கை கோரித் தானும் குடித்தாள். "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்குற? பஸ்ஸு வந்துரும், ஓடு" என்றாள்.

அதற்குப் பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடி போட்ட அந்தச் செம்பு பம்படியில் நிரந்தரமாக உட்கார்ந்தது. எத்துவதற்குப் பெரியம்மா அந்தப் பக்கம் வரவில்லை. சாகும்வரை அவள் பம்புத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த வயதில் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தாள். பிடிவாதத்தில் எனக்குக் குறைந்தவள் இல்லை. நான் பரீட்சை எழுதினேன், மேலே படித்தேன், வாத்தியார் வேலைக்குப் போனேன். எழுபதுகள் முடிவதற்குள் கரண்டு வந்து, மோட்டார் வந்து, தெருவுக்குத் தெரு குழாய் வந்தது. எங்கள் தெருவுக்கு ஒன்று, கிழக்குத் தெருவுக்கு ஒன்று. ஒருவர் செம்பு இன்னொருவருக்குத் தேவைப்படவில்லை. பம்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். முன்னேற்றம் என்று மேடையில் பேசினார்கள். கை வலி போனது முன்னேற்றம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் அந்தக் குழாயில் ஒருவரிடம் ஒருவர் கை நீட்டுகிற வேலையையும் மிச்சம் பிடித்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம். அதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

அந்தக் காலையில் நான் ரோட்டுக்கு ஓடியபோது பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அக்கா நின்றார். கண்டக்டர் அவரை ஏசிக்கொண்டிருந்தார். "ஒரு புள்ள வருதுண்ணே, இந்தா வந்துருச்சு" என்று சொல்லி என்னைப் பிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். உட்கார இடம் இருந்தது. அவர் ஜன்னல் ஓரம் நகர்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"வீட்டுக்குள்ள விட்டாகளா?"

"விட்டாகக்கா. கொடமும் உள்ள போயிருச்சு. எங்கம்மா குடிச்சுட்டாக." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நெசமாத்தான்க்கா. ஒங்க தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துருச்சு!"

அவர் தூக்கை மடியில் வைத்து மூடியைச் சரியாக அழுத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்றுதான் என்னை முதல் தடவையாக நீ என்றார்.

"தண்ணி வந்துருச்சு, சரி. நான் எப்ப வாரது? நீ சொல்லு."

எந்த மிஷினைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதற்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. திருச்சுழி வந்ததும் இருவரும் இறங்கி, அவர் கட்டிட வேலைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போனோம்.